பேனாவுக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்

வேங்கிக்காலிலுள்ள நமது வீட்டுக்குச் சென்ற மாதம் ஒரு பார்சல் வந்தது. பழைய மாணவன் ஒருவன் தன் முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பிய ஜப்பானியப் பேனா! அவனுக்கு நன்றிக் கடிதத்தை அந்தப் பேனாவாலேயே எழுதுவதென்று தீர்மானித்தோம். ஆனால் மார்க்குப் பட்டியல் எழுதியதிலேயே கார்ட்ரிட்ஜ் காலியாகிவிட்டது. திருவண்ணாமலையில் கிடைத்த வேறொன்றை வாங்கி, பலங்கொண்ட மட்டும் அழுத்திச் செருகினோம். வேட்டி நீலமாயிற்று.

பிறகுதான் விஷயம் விளங்கிற்று. ஐரோப்பாவில் பல கம்பெனிகள் ஒரு பொது அளவை அனுசரிக்கின்றன. பார்க்கரும் லாமியும் தனி வழி. ஜப்பானிலோ பைலட், பிளாட்டினம், செய்லர் மூன்றும் ஒரே தேசத்துப் பிள்ளைகள்தாம். ஆயினும் ஒன்றின் குழாய் மற்றொன்றில் பொருந்தாது. மைப்புட்டியிலிருந்து உறிஞ்சும் கன்வர்ட்டருக்கும் இதே கதி. ஜாதகம் பார்த்துத்தான் சம்பந்தம் பேச வேண்டும் போலும்!

மேஜை அறைக்குள் நமது தகப்பனாரின் ரத்னம் பேனா கிடந்தது. மகாத்மாவின் யோசனையை ஏற்று ராஜமகேந்திரபுரத்தில் கே. வி. ரத்னம் 1930-களில் செய்யத் தொடங்கிய சுதேசிப் பேனா. 1935-ல் அதைப் பெற்ற மகாத்மா நன்றிக் கடிதமே எழுதினார். கழுத்தைத் திருகிக் கழற்றி, சொட்டுக் குழாயால் எந்தக் கடை மையையும் ஊற்றலாம். ஊற்றினோம், எழுதிற்று.

மாணவனுக்குக் கடிதம் போய்விட்டது. எந்தப் பேனாவால் எழுதியது என்பதை மட்டும் நாம் குறிப்பிடவில்லை.