மேட்டு வயல் சாட்சி

வெள்ளம் வந்து போன பிறகு எழுதணும்னு நினைச்சு, எழுதாமலே தள்ளிப்போட்ட விஷயம் இது. வாழைக்கு உரம் வைக்கிறது, மாட்டுக்குக் கை வைத்தியம் பாக்கிறதுன்னு எழுதிக்கிட்டு இருக்கிற இடத்தில் இதை எழுதலாமான்னு ஒரு தயக்கம். அதோட, இதில் என் தப்பும் இருக்கு. அதான் இவ்வளவு நாள் ஆயிட்டுது.

எங்க ஊர் ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கிழக்கே இருக்கு. தாமிரபரணி கடலைச் சேருமுன்னே இருக்கிற கடைசி அணைக்கட்டு அது. அங்கிருந்து பிரியிற வடகாலையும் தென்காலையும் நம்பித்தான் இந்தப் பக்கத்து நெல்லும் வாழையும். நாங்க சி.எஸ்.ஐ. சபைக்காரங்க. ஊரில் பாதி வீடு கோயில்மணி அடிச்சா ஆராதனைக்குப் போகும். மீதி வீடு அம்மன் கொடை எடுக்கும். வரப்பு மட்டும் எல்லாருக்கும் பொதுவானது.

சின்ன வயசிலிருந்து பிரசங்கத்தில் கேட்டுக் கேட்டுக் காதில் ஊறிப்போன ஒரு வார்த்தை, 'வேறுபிரிக்கப்பட்ட ஜீவியம்'. விசுவாசி மத்தவங்களைப் போல இருக்கக் கூடாது, தனிச்சுத் தெரியணும்னு சொல்லுவாங்க. அப்போ எனக்கு விளங்கினதெல்லாம், தீபாவளிக்கு வெடி போடக் கூடாது, நாள் நட்சத்திரம் பாக்கக் கூடாது, ஞாயித்துக்கிழமை சட்டையைத் தேய்ச்சுப் போடணும். அவ்வளவுதான்.

எங்க அப்பா அந்த வார்த்தையை வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனா வயலில் பாத்திருக்கேன். தண்ணி குறைஞ்ச வருஷங்களில் கால்வாயில் முறை வச்சுத் தண்ணி விடுவாங்க. எங்க முறை சில சமயம் ஞாயித்துக்கிழமை காலையில் வந்து விழும். அப்பா மடையைத் திறக்க மாட்டாங்க. "நீ பாச்சிக்கோடா" என்று பக்கத்து வயல்காரரிடம் சொல்லிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கிட்டு கோயிலுக்குப் போயிருவாங்க. யாருக்காவது முறை மாத்திக்க இஷ்டம் இருந்தா அவங்க ராத்திரி முறையை வாங்கி, டார்ச் லைட்டும் மண்வெட்டியுமா பாம்புக்கு நடுவில் நின்னு பாச்சுவாங்க. இஷ்டம் இல்லைன்னா, இல்லைதான். ஒரு வருஷம் அப்படி விட்டதில் மேற்கு மூலை நெல் பாலடைக்கிற நேரத்தில் காய்ஞ்சு போச்சு. அம்மா புலம்பித் தீத்துட்டாங்க. அப்பா ஒண்ணும் பேசலை. ஞாயித்துக்கிழமை தண்ணி பாச்சுன மத்த சபைக்காரங்களைப் பத்தியும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கொடைக்கு வரி கேட்டு வந்தாலும் அப்படித்தான். "சாமிக்குன்னு நான் தாரதில்ல, அது ஒங்களுக்கே தெரியும். சாப்பாட்டுக்கு வேணுங்கிற இலையை நம்ம வாழையில அறுத்துக்கிடுங்க" என்பாங்க. வந்தவங்களும் கோவிச்சுக்கிட்டுப் போனதில்லை. எங்க பண்டிகை அசனத்துக்கு அடுப்பு வெட்ட அவங்க பிள்ளைகள்தான் முதலில் வந்து நிக்கும்.

இனி வெள்ளத்துக்கு வாரேன்.

2023 டிசம்பர் 17, 18. இந்தப் பக்கத்துக்காரங்க யாரும் அந்த ரெண்டு நாளை மறக்க மாட்டாங்க. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நூத்துக்கணக்கான ஜனங்களோட மாட்டிக்கிட்டது. சுத்திலும் தண்ணி. புதுக்குடி ஊர்க்காரங்க, தங்க வீட்டில் தண்ணி நிக்கும்போதே, அந்த ஜனங்களுக்குக் கோயிலில் வச்சுச் சமைச்சுப் போட்டாங்க. அவங்க யாரும் வேறுபிரிக்கப்பட்ட ஜீவியம்னு பிரசங்கம் கேட்டவங்க இல்லை. இதை எங்க சபை ஆளுங்ககிட்ட நான் அடிக்கடி சொல்லுவேன்.

எனக்கு ரெண்டு இடத்தில் வாழை. ஆத்தை ஒட்டின பள்ளத்தில் ஒரு ஏக்கர், மேட்டில் அறுபது சென்ட். பள்ளத்து வயல் முழுசும் போச்சு. தண்ணி வடிஞ்ச பிறகு போய்ப் பாத்தா இடுப்பளவு மணல். வாழை எங்கே நின்னதுன்னு அடையாளமே இல்லை. மேட்டில் தண்ணி ஒரு ராத்திரி நின்னுட்டு வடிஞ்சிருச்சு. ஆறு மாச கோழிக்கூடு. கொஞ்சம் சாஞ்சது, மத்ததெல்லாம் நின்னுட்டுது. அந்த மேட்டில் என்னோட சேர்த்து ஏழு பேருக்கு வயல். எல்லாருக்கும் இதே நிலைதான்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு எங்க கோயிலில் ஜோடனை கிடையாது. தரையில் சேறு காயலை. பெஞ்சை ஒதுக்கிட்டு நின்னுக்கிட்டே ஆராதனை நடத்தினோம்.

பிறகு பயிர்ச் சேதம் கணக்கெடுக்க வந்தாங்க. 33 சதவீதத்துக்கு மேல் சேதம் இருந்தால்தான் நிவாரணம். பள்ளத்துக்கு அதில் சந்தேகமே இல்லை. மேட்டு வயலைப் பத்தி முந்தின நாளே ஊரில் பேச்சாகி, எல்லாத்தையும் சேர்த்து முழுச் சேதம்னு எழுதிருவோம் என்று முடிவாகியிருந்தது. வந்தவரும் அலைஞ்சு அலைஞ்சு சோர்ந்த மனுஷன். ரோட்டில் நின்னுக்கிட்டே எழுதிக்கிட்டு இருந்தார். என் பேர் வந்ததும் நிமிர்ந்து, "ஒங்களுக்கு ரெண்டு சர்வே நம்பரும் போயிட்டுதா?" என்று கேட்டார்.

"பள்ளம் போயிட்டுது சார். மேட்டுல ஒண்ணும் பெரிய சேதம் இல்ல. இந்த மேட்டுலயே யாருக்கும் பெருசா இல்ல" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு மேட்டுக்கு ஏறிப் போய் ஒவ்வொரு வயலா பாத்தார். திரும்பி வந்து ஏழு பேர் மேட்டு வயலையும் அடிச்சுட்டார்.

அன்னைக்கு வீட்டுக்கு வரும்போது மனசில் ஒரு நிமிர்வு இருந்தது, மறைக்காமச் சொல்லுதேன். அப்பா பிள்ளைன்னு நிரூபிச்சுட்ட மாதிரி. சாயங்காலத்துக்குள்ளே அது இறங்கிட்டது. மேட்டில் எனக்குக் கிழக்கே இருக்கிற அண்ணாச்சி வாசலில் வந்து நின்னார். அவருக்குப் பள்ளத்திலும் முப்பது சென்ட் போயிட்டுது. வீட்டுப் பின்சுவர் விழுந்து, தார்ப்பாய் கட்டிப் பிள்ளைகளைப் படுக்க வச்சிருந்தார். உள்ளே வாங்கன்னு கூப்பிட்டேன். வரலை.

"தம்பி, நீ நல்லவன்னு காட்டிக்கிட எங்க வயித்துலதான் அடிக்கணுமா?"

அவ்வளவுதான் கேட்டார். போயிட்டார்.

அந்த ஆறு பேரில் மூணு பேர் எங்க சபைக்காரங்கதான். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வெளியே வரும்போது ஒருத்தரும் முகம் குடுக்கலை. பெரியவர் ஒருத்தர் மட்டும், "எல்லாரும் எழுதுததுதான? அரசாங்கப் பணம், யார் வீட்டுப் பணம்?" என்றார். அப்போதான் உறைச்சுது. வேறுபிரிஞ்சு நிக்கிறதுன்னா கொடை எடுக்கிறவங்ககிட்ட இருந்து பிரிஞ்சு நிக்கிறதுன்னே இத்தனை நாள் நினைச்சிருந்தேன். அது சுலபம், ஏற்கெனவே பிரிஞ்சுதான் இருக்கோம். ஒரே பெஞ்சில் உக்காந்து ஒரே பாட்டைப் பாடினவங்ககிட்ட இருந்து தனிச்சு நிக்கிறதுதான் கஷ்டம்.

உபாகமத்தில் எடைக்கல்லைப் பத்தி ஒரு சட்டம் உண்டு. வாங்க ஒரு கல், விக்க ஒரு கல்லுன்னு ரெண்டு வச்சிருக்கக் கூடாது. தார் வாங்க வாற வியாபாரி எடையில் கை வச்சா நாம எவ்வளவு சத்தம் போடுவோம்? நாம எழுதிக் கொடுக்கிற கணக்குக்கும் அதே கல்லுதானே. அதனால சேதம் இல்லைன்னு சொன்னது தப்புன்னு நான் அன்னைக்கும் நினைக்கலை, இன்னைக்கும் நினைக்கலை.

ஆனா என் வீட்டுக்காரி அன்னைக்கு ராத்திரி சாப்பாடு போட்டுக்கிட்டே ஒரு கேள்வி கேட்டா. "உங்க வயலைப் பத்தித்தான கேட்டாவ? மேடு முழுசும் உங்க பட்டாவா?"

பதில் சொல்ல முடியலை. என் வயலைச் சொல்லிட்டு வாயை மூடியிருந்தா, எனக்குக் கிடைக்க வேண்டிய பணம் எனக்குப் போயிருக்கும். அது என் விசுவாசத்துக்கு நான் கொடுத்த விலை. அந்த அதிகாரி அப்பவும் ஏறிப் போய்ப் பாத்திருக்கலாம், அது அவர் வேலை. ரெண்டாவதா நான் சொன்ன வாக்கியத்தை யாரும் கேட்கலை. அது உண்மைதான். ஆனா அதைச் சொல்லும்போது என் மனசில் இருந்தது உண்மை மேல் உள்ள பிரியம் மட்டும் இல்லை, ஊர் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் என்கிற பெருமையும் இருந்தது. அதுக்கான விலையைக் கொடுத்தது தார்ப்பாய்க்குக் கீழே படுத்திருந்த பிள்ளைகள்.

அப்பா ஞாயித்துக்கிழமை தண்ணியை விட்டாங்க. காய்ஞ்சது அவங்க நெல்லு. அடுத்தவன் மடையை அடைக்கப் போகலை. இவ்வளவு கிட்ட இருந்து பாத்தும் எனக்கு அது பிடிபடலை.

எங்க பக்கத்தில் உப்பைப் பத்திச் சொல்லித் தர வேண்டாம். உப்பளத்தில் அம்பாரமா குவிச்சு வச்சிருக்கிற உப்பு தூரத்திலிருந்து பாக்க வெள்ளை வெளேர்னு நல்லாத்தான் இருக்கும். குழம்பில் கரைஞ்சால்தான் அதுக்கு வேலை. அதே உப்பு வயலில் ஏறினா வாழை கருகும். நான் அன்னைக்குக் குழம்பில் கரையலை, வயலில் ஏறிட்டேன்.

சகேயு என்கிற ஆயக்காரனை எல்லாருக்கும் தெரியும். மனந்திரும்பினதும் அவன் நல்ல வார்த்தை சொல்லிட்டு நிக்கலை. தன் கையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். என்கிட்டே கொடுக்கப் பணம் கிடையாது, பள்ளத்து வயலில் மணல் அள்ளவே கடன் வாங்கியிருந்தேன். ஆனா மேட்டில் வாழை நின்னுச்சு. அதைச் சுத்திக் கன்னு வெடிச்சிருந்தது. அந்த வருஷம் கன்னுக்குப் பெரிய கிராக்கி, பள்ளத்தில் யாருக்கும் கன்னு மிஞ்சலை.

மணல் அள்ளி முடிக்கச் சித்திரை ஆயிட்டுது. மேட்டில் திடமான ஈட்டிக் கன்னாப் பாத்து முந்நூறு தோண்டி, வேர் சீவி, வண்டியில் ஏத்தி அண்ணாச்சி பள்ளத்து வயலில் கொண்டுபோய் இறக்கினேன். அவர் வரப்பில் உக்காந்திருந்தார்.

"எவ்வளவு?" என்றார்.

"ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி. அன்னைக்கு என் வயலோட நான் நிறுத்தியிருக்கணும். நிறுத்தலை."

ரொம்ப நேரம் பேசாம இருந்தார். பிறகு எழுந்து, கயிறு பிடிக்க ஒரு முனையை என் கையில் தந்தார். ரெண்டு பேரும் குழி எடுத்து நட்டோம். சாயங்காலம் கை கழுவும்போது சொன்னார், "ஏல தம்பி, இனி எவனாவது கணக்கெடுக்க வந்தா நீ ஒன் வயலுக்குள்ளயே நின்னுக்கோ."

"நின்னுக்கிடுதேன் அண்ணாச்சி."

மத்த அஞ்சு பேர் வீட்டுக்கும் போனேன். சபைக்காரங்களில் ரெண்டு பேர் கன்னு எடுத்துக்கிட்டாங்க. ரெண்டு பேர் பள்ளத்தில் வயல் இல்லை, வேண்டாம்னுட்டாங்க, ஆனா டீ குடுத்தாங்க. அவங்களுக்கு நான் எதைக் கொடுத்தும் ஈடு செய்யலை என்பது எனக்குத் தெரியும். கடைசி ஆள், அவரும் எங்க சபைதான், கதவைத் திறக்கலை.

இன்னைக்கும் அவர் வயல் வழியாத்தான் என் வயலுக்குப் போறேன். நான்தான் முதலில் பேச்சுக் கொடுக்கிறேன். பதில் வந்த நாளும் உண்டு, வராத நாளும் உண்டு.