சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளும் ஒளிப்படக்கலையும்

திருகோணமலை உள்துறைமுகத்தை அடுத்த சீனக்குடாவில், பிரித்தானியர் தம் கடற்படைக் கப்பல்களுக்கான எரிபொருளைச் சேமிக்க இரண்டாம் உலகப்போருக்கு முன்பே அமைத்த குதத்தில், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும் 99 உருக்குத் தாங்கிகள் எஞ்சியுள்ளன. அவற்றுட் பெரும்பகுதி பல்லாண்டுகள் கைவிடப்பட்டுக் காடேறிக் கிடந்தமையால், நிலக்காட்சியையும் தொழில் மரபுரிமையையும், அதாவது பழைய ஆலைகளும் களஞ்சியங்களும் பொறிகளும் தாங்கிநிற்கும் உழைப்பின் வரலாற்றையும், ஒரே படத்துள் கொணர முனையும் ஒளிப்படக் கலைஞருக்கு இலங்கையில் இதனினும் சிறந்த களம் அரிது.

களத்தில் முதலில் எதிர்ப்படுவது ஒளியின் சிக்கலே. உச்சிவெயிலில் உருளைச்சுவர் வெறும் தட்டைத் தகடாகவே பதிவாகும். காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் பக்கவொளியே வளைவையும் தகடுகளின் பொருத்துகளையும் துருவின் படைகளையும் புலப்படுத்தும். ஜெர்மனியின் பெர்ன்ட், ஹில்லா பெஹர் இணையர் 1959 முதல் கைக்கொண்ட முறை இதற்கு நேர்மாறானது: நீர்க்கோபுரங்களையும் வாயுத் தாங்கிகளையும் மேகமூட்டமான நாள்களில் நிழலின்றி நேர்முகமாக எடுத்து, ஒத்த வகையினவற்றை அருகருகே அடுக்கி, வேறுபாடுகளைக் கண்ணே தேர்ந்துகொள்ளுமாறு விட்டனர். மாரிகாலத்து வானம் சீனக்குடாவிலும் அதற்கு இடந்தரும். ஆயினும் அம்முறை இங்கு முழுமையாகப் பொருந்தாது. ஏனெனில் இங்குள்ள தாங்கிகள் வடிவால் பெரிதும் ஒத்தவை, அவற்றை வேறுபடுத்துவது ஒவ்வொன்றுக்கும் நேர்ந்த கதியே. ஒன்றைக் கொடிகள் மூடியிருக்க, மற்றொன்று புதுவண்ணம் பூசப்பட்டுப் பயன்பாட்டில் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று நிகழ்ந்த ஜப்பானிய வான்தாக்குதலில் எரிந்த தாங்கியோ, உருகி மடிந்த சுவர்களோடு நிற்கிறது. பெஹர் இணையரின் படங்களில் மனிதர் இல்லை. சீனக்குடாவிலோ ஏணியில் நிற்கும் பணியாளர் ஒருவரின் உருவம் சேர்ந்தாலன்றித் தாங்கியின் பருமன் விளங்காது, அதனைக் காத்துவந்த உழைப்பும் பதிவாகாது.

இலங்கை என்றதும் மனக்கண்ணில் எழும் காட்சிகள் பெரும்பாலும் ஒளிப்படங்கள் பழக்கியவை. 1870-71இல் ஜோசப் லோட்டன் அநுராதபுரம், பொலன்னறுவை இடிபாடுகளைப் படமாக்கினார். லயனல் வெண்ட் (1900-1944) கிராமத்து மனிதரையும் மரங்களையும் நீர்நிலைகளையும் கலையாக்கினார். இவ்வாறு உருவான தேசிய அடையாளத்தில் உருக்குக்கும் துருவுக்கும் கிடைத்த இடம் சிறிது. பேரரசு ஒன்று தன் தேவைக்காகக் கட்டிய பொருளை நாட்டின் மரபுரிமை எனக் கொள்வதில் தயக்கம் இயல்பே. எனினும் 1987ஆம் ஆண்டு இந்திய-இலங்கை உடன்பாட்டையொட்டிய கடிதங்களிலும் இடம்பெற்ற இத்தாங்கிகளை விலக்கிவிட்டு, சுதந்திர இலங்கையின் வரலாற்றைக் கூற இயலாது.

2022 ஜனவரியில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி 14 தாங்கிகள் லங்கா ஐஓசி நிறுவனத்திடமும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், 61 இரண்டும் இணைந்த நிறுவனத்திடமும் உள்ளன. சீரமைப்பு வேண்டப்படுவதே, ஆனால் அது முன்னேறுந்தோறும் காடும் துருவும் அகலும். ஆகவே, ஒவ்வொரு தாங்கியும் இன்றிருக்கும் நிலையிலேயே, அதனைப் பேணும் தொழிலாளரோடு சேர்த்துப் படமாக்கப்பட வேண்டும்; அனுமதி வழங்கும் அதிகாரத்தில் உள்ளோர் திருகோணமலையின் இளம் ஒளிப்படக் கலைஞருக்கு அந்த வாயிலைத் திறந்துவிட வேண்டும்.