சமையல் மேடைக்கு எந்தக் கல்?

வாசக்காலுக்கு மரம் தேட ஊர் ஊராக அலைபவர்கள்கூட, சமையல் மேடைக்குக் கல் எடுக்கும்போது கலரை மட்டும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். கோவை வடவள்ளியில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு குடும்பமும் அப்படித்தான் கிளம்பியது. மருமகளின் போன் முழுக்கப் பளீரென்ற வெள்ளை குவார்ட்ஸ் மேடைகள். மாமியாருக்கோ 30 வருஷம் புழங்கிய கறுப்புக் கடப்பா கல்லே போதும்.

"பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது அம்மிணி. மஞ்சத்தூள் கொட்டுனா என்ன பண்ணுவே?"

"உடனே தொடைச்சா போயிருமுங்க அத்தை."

இரண்டு பேர் சொன்னதிலும் பாதி நியாயம் இருந்தது. குவார்ட்ஸ் என்பது கல் தூளை ரெசினில் குழைத்து ஆலையில் செய்யும் பலகை. எண்ணெய், புளிக்கரைசல் எதுவும் சீக்கிரம் உள்ளே இறங்காது. ஆனால் ரெசினுக்குச் சூடு ஆகாது. அடுப்பிலிருந்து இறக்கிய கொள்ளு குக்கரையோ, ஒப்புட்டு சுட்ட தோசைக்கல்லையோ அப்படியே வைத்தால் நிறம் மாறும், விரிசலும் விடலாம். பிரிமணை போடும் பழக்கம் எத்தனை வீட்டில் இருக்கிறது?

மார்பிள் பேச்சையே எடுக்க வேண்டாம். அது சுண்ணாம்பு வகைக் கல். எலுமிச்சைச் சாறு பட்ட இடம் பளபளப்பு போய் மங்கிவிடும். மாமியாருக்குப் பிடித்த கடப்பாவும் சுண்ணாம்புக் கல்தான். புளி சிந்திய இடத்தில் வெளுத்த திட்டு விழுவது அதனால்தான்.

கடைசியில் இருவரும் கிரானைட்டில் வந்து நின்றார்கள். சூடு தாங்கும், கத்தி பட்டாலும் எளிதில் கீறாது. வெளிர் நிறங்கள் மட்டும் எண்ணெயைக் கொஞ்சம் குடிக்கும். அவற்றுக்கு சீலர் பூச வேண்டும். கடையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டாலே தெரிந்துவிடும். அந்த இடம் கறுத்தால் கல் உறிஞ்சுகிறது என்று அர்த்தம். கறுப்புக் கல்லில் சாயம் ஏற்றி விற்பதும் உண்டு. அசிட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்து, பஞ்சு கறுத்தால் அந்தக் கல் வேண்டாம். (மருமகள் ஆசையாகத் தடவிப் பார்த்த 'காஷ்மீர் ஒயிட்' கிரானைட், மதுரைப் பக்கத்தில் வெட்டி எடுப்பது. பெயரில்தான் காஷ்மீர்!)

கோவை வீடாயிற்றே, கிரைண்டரை எங்கே வைப்பது என்ற பேச்சு வராமல் இருக்குமா? சிங்க்குக்காக வெட்டிய இடம்தான் மேடையிலேயே பலவீனமான பகுதி. அதை ஒட்டி கிரைண்டரை வைக்காமல், கீழே சுவர் தாங்கும் இடத்தில் வைப்பது நல்லது. உயரத்தையும் சமைப்பவரின் முழங்கையை அளந்து முடிவு செய்ய வேண்டும். முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே மேடை இருந்தால் இடுப்பு பிழைக்கும்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது, போர்ட்டிகோவில் வைத்தே கல்லை அறுக்க ஆள் வந்தார். முகத்தில் ஒரு துண்டு, கையில் கட்டர். போட்டுப் பார்த்த ஒரு நிமிஷத்தில் வீடே வெண்புகை. கல் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ் வரும். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. துண்டு அந்த நுண்ணிய தூசியைத் தடுக்காது. கிரானைட்டைவிட குவார்ட்ஸ் பலகையில் சிலிக்கா மிக அதிகம். அதை அறுத்த தொழிலாளர்கள் இளம் வயதிலேயே நோயாளி ஆனதைப் பார்த்த ஆஸ்திரேலியா, 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகைகளைத் தடை செய்துவிட்டது. மேடையில் சமைப்பவருக்கு இந்த ஆபத்து கிடையாது; அறுப்பவருக்குத்தான்.

"ஏனுங், தண்ணி விட்டு அறுக்கலாமுங்களா?" என்று கேட்டாள் மருமகள்.

"கோடு அழிஞ்சிருமுங்க. கரன்ட்டு கட்டர் வேற."

அவர் சொன்னதும் சரி. கைக் கட்டரும் தண்ணீரும் சேர்ந்தால் ஷாக் அபாயம். அளவை எழுதிக் கொடுத்து, கடையிலேயே தண்ணீர் பாயும் பெரிய மெஷினில் சிங்க் ஓட்டை உட்பட வெட்டி வாங்குவது என்று முடிவானது. கூலி கொஞ்சம் கூடியது, வேலையும் இரண்டு நாள் தள்ளிப்போனது. பால் காய்ச்சும் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. மகன் முணுமுணுத்தான்.

"ரெண்டு நாள்தானே, இருக்கட்டும் உடு" என்று சொல்லிவிட்டு, துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டிருந்தவருக்கு மோர் எடுத்துவரப் போனார் மாமியார்.