மதம் என்ற கட்டம்

குடியுரிமை விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிய அலுவலகம் எழுதியிருந்த ஆட்சேபணை மூன்றே வரி. பாகிஸ்தான் பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் இருக்கிறது. இங்கே வாங்கிய நீண்டகால விசாவில் கணவர் பெயர் இருக்கிறது. இரண்டும் ஒரே பெண்ணுடையதுதான் என்று காட்டத் திருமணப் பதிவுச் சான்றிதழை இணைக்கவும். வேறு யாருடைய கட்டாக இருந்தாலும் குமாஸ்தாவை அனுப்பி இந்த வாரமே முடித்திருப்போம். இந்தக் கட்டில் அந்தச் சான்றிதழை வைக்க வழியே இல்லை. என் கட்சிக்காரர் கல்யாணம் செய்துகொண்ட இடத்தில், அந்தக் காலத்தில், இந்துக்களின் திருமணத்தைப் பதிவு செய்ய ஒரு சட்டமே கிடையாது.

2017இல் நடந்தது இது. திருச்சியில் சில வருடம் பிராக்டிஸ் செய்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு புனே வந்து வாகடில் குடியேறியவள் நான். ஹிஞ்சவடி ஐ.டி. பூங்காவுக்கு வேலைக்குப் போகிறவர்களால் நிரம்பிய பகுதி இது. என்னிடம் வருபவை பெரும்பாலும் பில்டர் தாமதம், வாடகை ஒப்பந்தம், விவாகரத்து. ஆனால் டாங்கே சௌக்கைத் தாண்டி, காளேவாடி வழியாகக் கொஞ்ச தூரம் போனால் பிம்ப்ரி கேம்ப் வந்துவிடும். பிரிவினையின்போது சிந்து மாகாணத்தை விட்டு வந்தவர்களைக் குடியமர்த்திய இடம். இன்று துணிக்கடையும் மொத்த வியாபாரமுமாக நெருக்கியடிக்கும் சந்தை. 1947இல் வந்தவர்களோடு அந்தக் கதை முடிந்துவிட்டது என்றுதான் வெளியே இருப்பவர்கள் நினைக்கிறோம். முடியவில்லை. அதற்குப் பிறகும் உறவினர் வீட்டைத் தேடிக் குடும்பங்கள் வந்துகொண்டுதான் இருந்தன.

என் கட்சிக்காரரின் குடும்பமும் அப்படி வந்ததுதான். ஊர், சிந்துவில் ஷிகார்பூர். 1991இல் திருமணம். 2008இல் கணவரோடும் இரண்டு மகன்களோடும் விசா வாங்கி வந்து, கேம்பில் சித்தப்பா வீட்டில் இறங்கியவர்கள் திரும்பிப் போகவில்லை. 2013இல் கணவர் இறந்துவிட்டார். பெரிய மகன் வாகடில் ஒரு மொபைல் கடையில் வேலைக்குச் சேர்ந்ததால் குடும்பம் எங்கள் தெருவுக்குக் குடிவந்தது. நான் அவரை 'பாபி' (அண்ணி) என்பேன், அவர் என்னை 'மேடம்' என்பார். 2016 டிசம்பரில் மத்திய அரசு ஒரு அறிவிக்கை போட்டது: பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த இந்து, சீக்கிய, பௌத்த, ஜைன, பார்சி, கிறிஸ்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் அதிகாரத்தைக் குறிப்பிட்ட சில மாவட்டங்களின் கலெக்டர்களுக்கே கொடுத்தது. அந்தப் பட்டியலில் புனேயும் இருந்தது. விண்ணப்பக் கட்டணத்தையும் நூறு ரூபாயாகக் குறைத்தார்கள். அந்த வாசல் திறந்த சூட்டில்தான் பாபி என் வீட்டுக்கு வந்தார்.

ஆட்சேபணைக்குப் பதில் எழுதுவதற்காகப் பாகிஸ்தான் சட்டங்களைப் படிக்க ஆரம்பித்தேன். அங்கே முஸ்லிம்களின் திருமணத்தைப் பதிவு செய்ய 1961ஆம் ஆண்டு அவசரச் சட்டம் இருக்கிறது. கிறிஸ்தவர்களுக்கு வெள்ளைக்காரன் காலத்து 1872ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இந்துக்களுக்கு எதுவும் இருக்கவில்லை. சிந்து சட்டமன்றம் 2016இல்தான் ஒரு இந்துத் திருமணச் சட்டம் கொண்டுவந்தது. மற்ற மாகாணங்களுக்கான மத்தியச் சட்டம் 2017இல் வந்தது. நாடு பிறந்து கிட்டத்தட்ட எழுபது வருடம். அதுவரை, தாலியோ அக்னியைச் சுற்றும் பேராவோ, எது கட்டினாலும் சுற்றினாலும் அரசின் கணக்கில் அந்தப் பெண் கன்னிதான். அடையாள அட்டையில் கணவர் பெயரை ஏற்ற முடியாது, கணவர் செத்தால் சொத்தில் உரிமை கேட்க முடியாது, யாராவது தூக்கிக்கொண்டு போய் மதம் மாற்றி நிக்காஹ் செய்துவிட்டால் 'இவள் என் மனைவி' என்று கோர்ட்டில் காட்டப் புருஷன் கையில் ஒரு துண்டுக் காகிதம் இருக்காது.

ஏன் இத்தனை காலம்? யாரோ வேண்டுமென்றே தடுத்துவைத்தார்கள் என்று சொல்ல நான் தயாராக இல்லை. இது எந்த அரசியல்வாதிக்கும் அவசரமாகப் படவில்லை என்பதுதான் விஷயம். 1947 ஆகஸ்ட் 11 அன்று கராச்சியில் அரசியல் நிர்ணய சபையில் ஜின்னா பேசினார்: யார் எந்த மதமாக இருந்தாலும் அதற்கும் அரசின் வேலைக்கும் சம்பந்தமில்லை என்பது அந்தப் பேச்சின் சாரம். அந்தச் சபையின் முதல் கூட்டத்துக்குத் தற்காலிகத் தலைவராக இருந்தவர் ஜோகேந்திரநாத் மண்டல். வங்காளத்துத் தலித் தலைவர், பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சரும் அவரே. 1950 அக்டோபரில் அவர் பதவியை விட்டு விலகி இந்தியா வந்துவிட்டார். நடுவில் 1949 மார்ச்சில், பாகிஸ்தான் அரசியல் சட்டத்துக்கு இஸ்லாமிய அடிப்படை வகுத்த குறிக்கோள் தீர்மானம் நிறைவேறியிருந்தது. மதத்தை அரசியலோடு கலக்காதீர்கள் என்று ஸ்ரீஷ் சந்திர சட்டோபாத்யாயா போன்ற இந்து உறுப்பினர்கள் மன்றாடினார்கள். அவர்கள் கொண்டுவந்த திருத்தங்கள் அத்தனையும் தோற்றன.

அந்தத் தீர்மானத்தில் சிறுபான்மையினர் தங்கள் மதத்தைச் 'சுதந்திரமாக' பின்பற்றலாம் என்று இருந்தது. 1985இல் ராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக் அதை அரசியல் சட்டத்தின் செயல்படும் பகுதியாக ஆக்கியபோது 'சுதந்திரமாக' என்பது காணாமல் போனது. 2010இல் 18ஆவது திருத்தத்தில்தான் அது திரும்பி வந்தது. இருபத்தைந்து வருடம்! பாபியின் கல்யாணம், இரண்டு பிரசவம், ஊரை விட்டு வந்தது எல்லாமே அந்த இருபத்தைந்துக்குள் அடங்கிவிடுகின்றன.

அதே 1985இல் வந்த தனி வாக்காளர் தொகுதி முறையைத்தான் நான் இந்தத் தாமதத்தின் வேராகப் பார்க்கிறேன். முஸ்லிம் வாக்காளர் முஸ்லிம் வேட்பாளருக்கு, இந்து வாக்காளர் இந்து வேட்பாளருக்கு என்று பிரித்துவிட்டார்கள். 2002 வரை இது ஓடியது. ஷிகார்பூர் உறுப்பினருக்குப் பாபியின் தெரு வாக்காளர் தெருவே அல்ல. சாக்கடை அடைத்தாலும், மகளைக் காணோம் என்றாலும், கல்யாணத்துக்குச் சட்டம் வேண்டும் என்றாலும் அவரிடம் போய் நிற்க அந்தத் தெருவுக்கு எந்தப் பிடியும் இல்லை. ஓட்டு இல்லாத இடத்தில் சட்டம் முளைக்காது. முறை ஒழிந்த பிறகும் மதக் கட்சிகள் மீதான பயம் ஒழியவில்லை. 2016 நவம்பரில் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களை மதம் மாற்றுவதைத் தடுக்கும் மசோதாவை அதே சிந்து சட்டமன்றம் நிறைவேற்றியது. மதக் கட்சிகள் கூச்சலிட்டன. ஆளுநர் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினார்.

சரி, பதிவு இல்லை. வேறு எதை வைத்து நிரூபிப்பது? 2024 வரை நடைமுறையில் இருந்த நம் சாட்சியச் சட்டம் இந்த விஷயத்தில் மனிதத்தன்மை கொண்டது. அதன் 50ஆம் பிரிவு, உறவை நேரில் அறிந்தவர்களின் நடத்தையையும் அபிப்பிராயத்தையும் ஏற்றது. 114ஆம் பிரிவின்படி நீண்ட காலம் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்களுக்குத் திருமணம் நடந்ததாகவே அனுமானிக்க முடிந்தது. 1978இல் பத்ரி பிரசாத் வழக்கில் கிருஷ்ணய்யர் இதைத்தான் உறுதியாகச் சொன்னார்: ஐம்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களிடம் புரோகிதரையும் சடங்கையும் சாட்சி கேட்கக் கூடாது. நம் இந்துத் திருமணச் சட்டத்திலும் சடங்குதான் திருமணம், பதிவு அதற்கு நிபந்தனை அல்ல.

பாபியிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதிலிருந்து அவர் எடுத்த கல்யாணப் பத்திரிகையை இன்றும் மறக்க முடியவில்லை. மஞ்சளும் சிவப்பும். மேலே நடுவில் பிள்ளையார். அவருக்குக் கீழே வலமிருந்து இடமாக, அரபி எழுத்தில், முழுப் பத்திரிகை. சிந்தி மொழி. மணமகள், மணமகன், இரு தந்தையர், தேதி எல்லாம் அதில் இருந்தன. எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. கேம்பில் இருக்கும் இளைஞர்களுக்கும் தெரியவில்லை, வீட்டில் பேசுவதோடு சரி. ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியர், எண்பதைத் தாண்டியவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பத்திரிகையை மூக்கருகே வைத்து வாய்விட்டுப் படித்தார். ஷிகார்பூரின் தெருப் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, அந்தத் தெரு இன்னும் இருக்கிறதா என்று பாபியைக் கேட்டார். அவர் செய்து கொடுத்த மொழிபெயர்ப்பை நோட்டரியிடம் சான்றுபெற்று இணைத்தோம்.

நேரில் பார்த்த சாட்சி வேண்டும். இந்தியாவில் இருப்பவர்களில் அந்தக் கல்யாணத்துக்குப் போனவர் யாரும் இல்லை. ஷிகார்பூரில் பாபியின் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், முஸ்லிம். கல்யாணச் சாப்பாட்டுக்குத் தன் வீட்டு முற்றத்தைத் திறந்துவிட்டவர். அவரை போனில் பிடித்தோம். மறுபேச்சு பேசாமல் அங்கே முத்திரைத்தாள் வாங்கி, அஃபிடவிட்டில் கையெழுத்துப் போட்டு, துபாயில் இருக்கும் உறவினர் மூலம் அனுப்பினார். இந்தியக் குடியுரிமைக்காகப் பாகிஸ்தானில் ஒருவர் பிரமாணம் எழுதித் தருவது சின்ன விஷயமில்லை. மதத்தை வைத்து அரசியல் செய்கிறவர்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் இந்த வாத்தியாரையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

ஆட்சேபணை விலகியது. 2018இல் பாபி விசுவாசப் பிரமாணம் எடுத்துச் சான்றிதழ் வாங்கினார். அன்று அவர் தெருவில் எல்லோருக்கும் பேடா கொடுத்தார்.

கட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டியபோது என்னை உறுத்தியது அந்தப் பாஸ்போர்ட். பாகிஸ்தான் பாஸ்போர்ட்டில் மதம் என்று ஒரு கட்டம் உண்டு. 2004இல் இயந்திரம் படிக்கும் பாஸ்போர்ட் வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். மதக் கட்சிகளின் எதிர்ப்பில் அடுத்த வருடமே திரும்பக் கொண்டுவந்தார்கள். அது இந்துக்களைக் குறிவைத்துப் போட்ட சண்டை அல்ல. தங்களை முஸ்லிம்களாகவே கருதும் அகமதியா பிரிவினர் முஸ்லிம் என்று எழுதிக்கொள்ளக் கூடாது என்பதே அதன் முனை. 1953இல் லாகூரில் அவர்களுக்கு எதிராகக் கலவரம் நடந்தது. அதை விசாரித்த நீதிபதிகள் முனீரும் கயானியும் உலமாக்களைக் கூப்பிட்டு முஸ்லிம் யார் என்று கேட்டார்கள். எந்த இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போகவில்லை என்று 1954 அறிக்கையில் எழுதினார்கள். அறிஞர்களால் முடியாததை 1974இல் நாடாளுமன்றம், அகமதியாக்கள் முஸ்லிம்கள் அல்ல என்று ஓட்டெடுத்து முடித்துவைத்தது. 1984இல் அவர்கள் தங்களை முஸ்லிம் என்று சொல்லிக்கொள்வதே குற்றமானது. இந்துக்களுக்குப் பொது வாக்காளர் பட்டியல் திரும்பிய 2002க்குப் பிறகும் அகமதியாக்களுக்கு மட்டும் தனிப் பட்டியல்.

அந்தக் கட்டத்தில் 'இந்து' என்று இருந்ததால்தான் பாபிக்கு இங்கே வாசல் திறந்தது. ஷிகார்பூரில் அவருடைய தெருவில் ஒரு அகமதியா கம்பவுண்டர் இருந்தாராம். ஒரு ராத்திரி மருந்துக்கடையை எரித்ததும் குடும்பத்தோடு போனவர் எங்கே போனார் என்றே தெரியவில்லை. "எங்களுக்காவது போக ஒரு இடம் இருந்தது, மேடம்," என்றார் பாபி. அகமதியா இயக்கம் பிறந்த காதியான் இருப்பது இந்தியப் பஞ்சாபில், குர்தாஸ்பூர் மாவட்டத்தில். 2019 டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் அந்தக் கம்பவுண்டருக்கு இடம் இல்லை.

நான் திருச்சிக்காரி. அங்கே கொட்டப்பட்டு அகதி முகாமைப் பார்த்து வளர்ந்தவள். பௌத்தத்துக்கு முதலிடம் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிக்கொண்ட நாட்டிலிருந்து ஓடிவந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். பெரும்பாலோர் இந்துக்கள். ஆனால் அந்தச் சட்டத்தின் மூன்று நாட்டுப் பட்டியலில் இலங்கை இல்லை. 2019 ஜூன் 17 அன்று மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், மலையகத் தமிழர்களான மனுதாரர்களின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலித்து முடிவெடுக்கும்படி உத்தரவிட்டார். ஆறு மாதத்துக்குள் வந்த சட்டம் அவர்களைக் கண்டுகொள்ளவில்லை. துன்பத்தைப் பார்த்து வாசல் திறப்பதாகச் சொல்லிவிட்டு, கதவருகே நின்று மதத்தையும் நாட்டையும் பார்த்து ஆள் பிரிப்பது நியாயமே அல்ல என்பது என் உறுதியான கருத்து. பாபிக்குக் கிடைத்தது அவருக்கு உரியதுதான். கம்பவுண்டருக்கும் கொட்டப்பட்டுக்காரருக்கும் அதே உரிமை உண்டு.

பாபியின் அக்கா 2015 பிப்ரவரியில் அட்டாரி வழியாக வந்தார். குடியுரிமைத் திருத்தச் சட்டப்படி இந்தியாவுக்குள் வந்திருக்க வேண்டிய கடைசித் தேதி 2014 டிசம்பர் 31. அதே தெரு, அதே பயம், சில வாரம் தாமதம். அதனால் ஐந்து வருடம் வசித்தால் போதும் என்ற அந்தச் சட்டத்தின் சலுகை அவருக்குப் பொருந்தாது. வெளிநாட்டவர் எல்லோருக்கும் பொதுவான இயல்புரிமை வழியில், பன்னிரண்டு வருடக் கணக்கில் 2027இல்தான் தகுதி வரும். அதற்கான கட்டை இப்போதே தயார் செய்கிறேன். 2018 டிசம்பரில் திருத்திய விதிகளின்படி படிவமே சிறுபான்மை மதமா என்று கேட்கிறது. கேட்ட இடத்தில் எழுதுவோம். கூடவே உள்துறை அமைச்சகத்துக்குக் கொடுக்கப்போகும் முறையீட்டில் வேறு விஷயங்களை வரிசையாக எழுதியிருக்கிறேன்: கடைக்கு எத்தனை முறை மிரட்டல் வந்தது, போலீஸ் ஏன் புகார் வாங்கவில்லை, மகளின் பள்ளிக்கூடத்தை எந்த வகுப்போடு நிறுத்தினார்கள், ஏன். அந்தக் கேள்விகளுக்கு ஒரு அகமதியாவும் பதில் எழுதலாம், ஒரு யாழ்ப்பாணத்தாரும் எழுதலாம்.