முப்பத்தைந்து டிகிரிக்கு முன்னால்

மே 3, சனி

நண்பரின் மாமனார் என்சிசி கடற்படைப் பிரிவில் பயிற்சி கொடுத்தவர். கப்பல் மாதிரி செய்வது அந்தப் பிரிவின் பயிற்சியில் இன்றும் உண்டு. அவருடைய டிரங்குப் பெட்டியை ஒழிக்கும்போது ஒரு இன்ஜின் அகப்பட்டது. "இதெல்லாம் உனக்குத்தான் லாயக்கு" என்று நண்பர் என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

ஈ.டி. ரேசர், 2.46 சிசி. 1950களின் இங்கிலாந்துச் சரக்கு. விமான மாதிரிக்கும் படகு மாதிரிக்கும் ஓடியது. இது படகுக்கானது. சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓட ஓர் உறை, உள்ளே வர ஒரு மூக்கு, வெளியே போக ஒரு மூக்கு. விமானத்தில் விசிறியே ஃப்ளைவீல் வேலையையும் பார்த்துவிடும். படகில் அது நடக்காது என்பதால் கிராங்க் நுனியில் கனமான பித்தளைச் சக்கரம். கயிறு சுற்றி இழுக்க அதில் ஒரு பள்ளம்.

சக்கரம் இம்மியும் அசையவில்லை.

மே 4, ஞாயிறு

தெருமுனை லேத் பட்டறைக்குப் போனேன். பட்டறை அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிளக் எங்க சார்?"

பிளக் இல்லை, காயில் இல்லை, பேட்டரி இல்லை. பிஸ்டன் அழுத்துகிற அழுத்தத்தில் சூடேறி, எரிபொருளில் உள்ள ஈதர் தானே பற்றிக்கொள்ளும். அதற்கு 160, 180 டிகிரி இருந்தால் போதும். மாதிரி டீசல் என்று இதைச் சொன்னாலும் பங்க்கில் பிடிக்கிற டீசலை ஊற்றினால் ஓடாது.

"அப்ப கோளாறுன்னா கம்ப்ரஷன், காத்து, எண்ணெய். இந்த மூணுதான்" என்றார். சரியாகப் பிடித்துவிட்டார். ஆனால் அடுத்த நிமிஷமே கேஸ் டார்ச்சைக் கையில் எடுத்தார். வேண்டாம் அண்ணே என்று வாங்கி வந்துவிட்டேன். அடிப்பாகம் அலுமினிய வார்ப்பு. டார்ச் தீயில் கோணிக்கொண்டால் அதற்கு வைத்தியமே கிடையாது.

பிஸ்டனைப் பிடித்திருப்பது துருவாக இருக்காது என்பது என் கணிப்பு. இந்த எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு விளக்கெண்ணெய். உயவுக்கு அதைப்போல் ஒன்று இல்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்தால் காய்ந்து, பழுப்பு வார்னிஷாக ஒட்டிக்கொள்ளும். புகைத்துளை வழியாக டார்ச்லைட் அடித்துப் பார்த்தபோது தேன் நிறத்தில் அதேதான் மின்னியது. அசிட்டோனை நிரப்பி, டப்பாவுக்குள் வைத்து மூடினேன்.

மே 6, செவ்வாய்

அசிட்டோன் முழுக்க வடிந்து காய்ந்த பிறகே ஹேர் டிரையரைப் பிடித்தேன். ஈரத்தோடு பிடித்தால் வீடு பற்றும். சூடு கை பொறுக்காத அளவு வந்ததும் சக்கரத்தைத் துணியால் பற்றி மெல்ல அழுத்த, உறைந்த நெய் டப்பாவின் மூடி போல முனகிக்கொண்டே நகர்ந்தது. முதலில் நூலளவு, பிறகு கால் சுற்று. குறடு எதுவும் வைக்கவில்லை. பழைய சின்ன இன்ஜின்களைக் கொன்றது ஓட்டம் அல்ல, குறடுதான் என்பது என் தீர்மானமான கருத்து.

சிலிண்டர் சுவரில் ஒரு பொட்டுத் துரு இல்லை. கடற்கரை ஊரில் இத்தனை காலம் கிடந்த எஃகு! ஒட்டிக்கொண்ட எண்ணெய்தான் காபந்தும் பண்ணியிருக்கிறது. இந்தப் பிஸ்டனில் ரிங் கிடையாது. சிலிண்டரோடு இழைத்து இழைத்துப் பொருத்தியது. துரு ஒரு கீறல் போட்டிருந்தாலும் கம்ப்ரஷன் போயிருக்கும்.

மே 8, வியாழன்

புதுச் சிக்கல். சக்கரம் சுற்றுகிறது, பிஸ்டன் உச்சிக்கு வருமுன் 'டங்' என்று நிற்கிறது. உள்ளே திரவம் தேங்கினாலும் இப்படி நிற்கும். தலைகீழாகக் கவிழ்த்து வடித்துப் பார்த்தேன். மறுபடி அதே டங்.

அப்படியென்றால் கான்ட்ரா பிஸ்டன். சிலிண்டரின் கூரையாக இருக்கும் இரண்டாவது பிஸ்டன் அது. மேலே உள்ள திருகை முடுக்கினால் கீழே இறங்கி அழுத்தத்தைக் கூட்டும். திருகைத் தளர்த்தினால் தானாக ஏறாது. கீழிருந்து வரும் அழுத்தம்தான் அதை மேலே தள்ள வேண்டும். நான் தளர்த்தியதும் திருகு லொடலொடவென்று கையோடு வந்துவிட்டது. கூரை இறங்கிய இடத்திலேயே வார்னிஷில் சிக்கி நிற்கிறது. இந்த இடத்தில்தான் பலர் சக்கரத்தை மூர்க்கமாகத் திருப்பி கனெக்டிங் ராடை வளைத்துவிடுவார்கள்.

கழற்றாமல் முடியாது என்றானபின் அண்ணனிடமே போனேன். அவர் பித்தளைத் தண்டு ஒன்றை லேத்தில் போட்டு, சிலிண்டருக்குள் வழுக்கிப் போகும் அளவுக்குக் கடைந்தார். அளவு பார்க்க வெர்னியரை எடுத்தவர், கடைசி இழைப்புக்கு அதைக் கீழே வைத்துவிட்டு விரல் நுனியால் தடவியே முடித்தார். சிலிண்டரைச் சூடாக்கி, வைஸில் தண்டை வைத்து அரைச் சுற்று. கான்ட்ரா பிஸ்டன் சத்தமே இல்லாமல் மேலே ஏறியது. டார்ச் விஷயத்தில் இருந்த மனத்தாங்கல் எனக்குத் தீர்ந்தது.

மே 10, சனி

பூட்டினேன். பின்மூடிக் கேஸ்கட் உதிர்ந்திருந்தது. காக்கிக் கவரை வெட்டி எண்ணெய் தடவிப் போட்டேன். மூடியின் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, சக்கரத்தைச் சுற்றினால் குமிழி வரவில்லை. காற்று அடைபட்டது. நீடில் ஜெட்டில் இருந்த பசையை அசிட்டோன் கரைத்தது. குண்டூசி விட்டுக் குத்தவில்லை. துளை அகலமானால் அளவு பிசகும்.

சிலிக்கான் குழாய் இந்த எரிபொருளில் ஊறிப் பருத்துவிடும். பைக் கடை பெட்ரோல் டியூபைக் கம்பி சுற்றி இறுக்கினேன்.

மே 13, செவ்வாய்

எரிபொருள். விளக்கெண்ணெய் நாட்டு மருந்துக் கடையில். மண்ணெண்ணெய் கிடைப்பதுதான் இப்போது குதிரைக்கொம்பு. பழைய கேனில் மிச்சம் வைத்திருந்த ஒரு வீட்டில் அரை லிட்டர் தந்தார்கள். ஈதருக்கு ரசாயனம் கற்பிக்கும் தோழியைக் கேட்டேன். புதுப் பாட்டில் மட்டும்தான் என்று கறாராகச் சொன்னாள். காற்றும் வெளிச்சமும் பட்டு நாள்பட்ட ஈதரில் பெராக்சைடு சேரும், வெடிக்கும்.

மூன்றும் சம பங்கு. தட்டுத் தடங்கல் இல்லாமல் எரிய நூற்றுக்கு இரண்டு பங்கு நைட்ரேட் சேர்ப்பது வழக்கம்.

எனக்குக் கவலை வேறு. ஈதர் 34.6 டிகிரியிலேயே கொதித்துவிடும். மே மாதச் சென்னை மதியம் அதை அனாயாசமாகத் தாண்டும். வெயிலில் டாங்கிலேயே குமிழி விட்டு, குழாயில் ஆவி அடைத்து, ஈதர் பறந்துபோய், மிச்சம் இருப்பது வெறும் மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும்தான். அது எப்படிப் பற்றும்? ஈரமும் குளிரும் உள்ள நாட்டில் செய்த இன்ஜினுக்கு இங்கே நேரம் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும்.

மே 17, சனி

விடிவதற்குள் மொட்டை மாடி. ஈதர் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போகும். கீழே அடுப்பும் பூஜை விளக்கும் பற்றவைக்கக் கூடாது என்று முதல் நாளே வீட்டில் சொல்லிவைத்தேன். முகம் கோணத்தான் செய்தது. பாட்டிலை ஐஸ் வைத்த வாளியில் நிறுத்தினேன். சுமையில்லாமல் ஓடினால் வேகம் கண்டபடி ஏறி ராடைத் தின்றுவிடும். அதனால் பலகையில் பூட்டி, புரொப்பல்லரைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கியிருந்தேன். சிலிண்டர் உறைக்குத் தண்ணீர், உயரத்தில் வைத்த குடத்திலிருந்து.

நீடிலை மூன்று சுற்று திறந்து, காற்று வாயை விரலால் மூடிச் சக்கரத்தைச் சுற்றினால் குழாயில் எண்ணெய் ஏறியது. கம்ப்ரஷனைத் தளர்த்தி, கயிற்றைச் சுண்டினேன். வெறும் புஸ். கால் சுற்று முடுக்கினேன், ஒரு வெடிப்பு. இன்னும் கொஞ்சம் முடுக்க, பிடித்துக்கொண்டது. முதலில் கரகரத்துக்கொண்டே ஓடியது. சூடேறியதும் 'டொக் டொக்' என்று இடித்து வேகம் தளர்ந்தது. அது அழுத்தம் மிஞ்சியதன் அடையாளம். திருகைத் தளர்த்தினேன். கான்ட்ரா பிஸ்டன் சொன்னபடி மேலே ஏறியது, சத்தம் சீரானது. தொட்டித் தண்ணீர் மாடியெல்லாம் தெறித்தது. ஈதரும் பொசுங்கிய விளக்கெண்ணெயும் கலந்த வாடைக்குப் பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தப்பட்டது.

கூட இருந்த அண்ணன் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "முன் பேரிங் அழுவுது சார்" என்றார். அசையாமல் கிடந்த பந்துகளில் துரு இருக்கத்தான் செய்யும், எண்ணெய் அங்கே தேங்கியிருக்காது. நிறுத்தி, ஆறவிட்டு, மெல்லிய எண்ணெய் விட்டுச் சுற்றிவைத்தோம். பேரிங்கின் உள்வட்டமும் வெளிவட்டமும் அளந்து சிகரெட் அட்டையில் குறித்துக்கொண்டு அவர் கிளம்பினார். சைஸ் மில்லிமீட்டரில் வரவில்லை, இஞ்சுக் கணக்காம். தேட வேண்டும்.