ஒரு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர்

மே மாதக் கடைசியில் காலனிகளுக்குள் போனால் நாங்கள் அதிகம் கேட்பது இதுதான்: "அஞ்சாவது முடிச்சிருச்சு, ஆறாவதுக்கு எங்க சேக்குறது?"

இன்ன பிள்ளைக்கு இன்ன பள்ளி என்று நம் மாநிலத்தில் யாரும் சீட்டு எழுதிக் கொடுப்பதில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த தமிழ்நாட்டு விதிகள், ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள்ளும், ஆறு முதல் எட்டு வரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. இந்த அளவு அரசின் கடமைக்குப் போட்ட கோடு. பிள்ளையின் காலுக்குப் போட்ட கோடு அல்ல. அதைத் திருப்பிப் போட்டுத்தான் நம்மை ஏமாற்றுகிறார்கள்.

"உங்க காலனிப் பக்கமே எட்டாவது வரைக்கும் இருக்கே, அங்கயே சேத்துக்கோங்க" என்று ஒரு தலைமையாசிரியர் எங்கள் முன்னாலேயே ஓர் அம்மாவிடம் சொன்னார். குரலில் கோபமில்லை, அக்கறைதான் இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் யாரிடமும் அவர் அந்த அக்கறையைக் காட்டவில்லை. சட்டத்தின் 5ஆம் பிரிவைக் காட்டினோம். படிக்கும் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை இல்லையென்றால் வேறு அரசுப் பள்ளிக்கு மாறுவது பிள்ளையின் உரிமை. மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்க முடியாது. பிள்ளை சேர்ந்தாள்.

தூரத்தை கிலோமீட்டரில் அளப்பவர்களுக்குத் தெருக்கள் தெரிவதில்லை. நாங்கள் வேலை செய்யும் ஓர் ஊரில், ஊர்த்தெருவுக்கும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிதான் பக்கம். ஆனால் ஊர்ப் பிள்ளைகள் அதைத் தாண்டி வேனில் போகிறார்கள். காலனிப் பிள்ளைகளோ ஆறாம் வகுப்பு வந்ததும் ஊர்த்தெரு வழியாக நடந்தாக வேண்டும். பத்து வயதில் சாதி நம் பிள்ளைகளுக்குப் பாடமாவது அந்த நடையில்தான்.

இது நேற்று வந்த ஏற்பாடு இல்லை. பொதுப் பள்ளிக் கதவுகள் நமக்கு அடைபட்டிருந்த காலத்தில், 1920களில் சென்னை மாகாணத் தொழிலாளர் துறை திறந்த 'லேபர் ஸ்கூல்'களின் வாரிசுகளே இன்றைய நலப் பள்ளிகள். அவை இல்லையென்றால் நம் தாத்தாக்கள் எழுத்தறிந்திருக்க மாட்டார்கள். ஆனால் அடைபட்ட கதவுக்கு மாற்றாக வந்தது, கதவை அடைத்தே வைக்கச் சாக்காகிவிடக் கூடாது. நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழுவும், பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளத்தை நீக்கச் சொல்லி 2024இல் அறிக்கை தந்தது. பெயர்ப்பலகையை மாற்றுவது எளிது. அந்த வேனைத் திருப்புவதுதான் கடினம்.

இளந்தோழர்களுக்கு ஜூன் மாதத்தில் ஒரு வேலை இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழ் போட்டதும், எமிஸ் தளத்தில் அதன் பெயர் பொதுத் தொகுப்புக்குப் போகும். புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். எந்தப் பள்ளியும் எடுக்காத பெயர் அங்கேயே கிடக்கும். அந்தப் பெயர்கள் யாருடையவை என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். நலிந்த பிரிவினருக்கு அவர்கள் விகிதப்படி இடம் உண்டு. நம் அம்மாக்கள் கையெழுத்துப் போட மட்டும் அங்கே போகக் கூடாது. இந்தப் பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும். அதில் இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டுக்கு நடப்போம்.