குளச்சல் வெற்றித் தூணும் பெயர் அறியா வீரர்களும்

நாகர்கோவில் மாநகரின் ஒரு பகுதியாக இன்று விளங்கும் கோட்டாறு, நாஞ்சில் நாட்டின் பழம்பெரும் வணிகத் தலம். நெல்லும் துணியும் உப்பும் கைமாறிய இவ்வூர், போர்களையும் அடிக்கடி கண்டது. முதலாம் குலோத்துங்க சோழன் தென்னாட்டை வென்றபின் கோட்டாற்றில் நிலைப்படை ஒன்றை நிறுத்தினான். 17ஆம் நூற்றாண்டில், சற்றுத் தொலைவிலுள்ள கணியாகுளத்தில் மதுரை நாயக்கர் படையை எதிர்த்து நின்ற இரவிக்குட்டிப் பிள்ளை களத்திலேயே வீழ்ந்தார். அவர் வரலாறு கதைப்பாடலாகி இம்மாவட்டத்து மக்களின் நாவில் தங்கியது. அவரோடு மடிந்த வீரர்கள் எத்தனை பேர், அவர்தம் பெயர் என்ன என்பதைச் சொல்ல எந்தப் பாடலும் இல்லை.

கோட்டாற்றிலிருந்து இரணியல், திங்கள்சந்தை வழியாக ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால் குளச்சல் துறைமுகத்தை அடையலாம். மாசி மாதக் கொடைக்கு மண்டைக்காடு பகவதி அம்மன் திருக்கோயிலுக்குச் செல்லும் அன்பர்களுக்கு இப்பகுதி புதியதன்று. இருமுடி ஏந்திய பெண்கள் திரண்டு வரும் அந்தப் புற்றுக்கோயிலிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே குளச்சல் கடற்கரை இருக்கிறது. அங்கே நிற்கும் வெற்றித் தூணைத் தேடிச் சென்று காண்போர் மிகச் சிலரே.

அத்தூண் நினைவூட்டும் போர் 1741இல் நடந்தது. வேணாட்டின் அரசர் மார்த்தாண்ட வர்மர் மிளகு வணிகத்தைத் தம் ஆளுகைக்குள் கொண்டுவர முற்பட்டதை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பொறுக்கவில்லை. இலங்கையிலிருந்து கப்பல்களில் வந்த அதன் படை குளச்சலில் இறங்கியது. கரையோரத்து ஊர்கள் கொள்ளைக்கு உள்ளாயின. குளச்சலுக்கும் கோட்டாற்றுக்கும் இடைப்பட்ட நிலப்பகுதி டச்சுக்காரர் பிடிக்குள் சென்றது. அவர்களுடைய அடுத்த குறி தலைநகராகிய பத்மநாபபுரம்.

வடக்கே போர்முனையிலிருந்த மன்னர் விரைந்து திரும்பினார். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் சன்னிதியில் வாளை வைத்து வணங்கிய பின்னரே அவர் களம் புகுந்தார் என்பது மரபு. ஆகஸ்ட் 10 அன்று நடந்த போரில் டச்சுப் படை தோற்றது.  தமிழ் மாதக் கணக்கில் ஆடி. அன்று வேணாட்டுக்காக நின்றவர்கள் நாயர் படையினர் மட்டுமல்லர். கரையோரத்து மீனவர்களும் துணை நின்றனர். துடுப்புகளைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்று, தொலைவிலிருந்து பார்த்த பகைவருக்குப் பெரும்படை போலத் தோற்றமளித்தனர் என்று அப்பகுதியில் சொல்லப்படுகிறது. ஐரோப்பிய வல்லரசு ஒன்றை ஆசிய அரசு ஒன்று இவ்வாறு முறியடித்தது அந்நாளில் அரிய நிகழ்ச்சி.

அந்த வெற்றியின் நினைவாகவே தூண் நிற்கிறது. திருவிதாங்கூரின் பழைய நாயர் படையின் வழிவந்ததும், இன்று மெட்ராஸ் ரெஜிமெண்டின் 9ஆவது பட்டாலியனாக விளங்குவதுமான படைப்பிரிவுக்கு ஜூலை 31 குளச்சல் தினம். இராணுவத்தினர் இத்தூணுக்கு வந்து மலர்வளையம் வைத்து மரியாதை செலுத்துவதும் உண்டு. எனினும் தூண் சொல்வது வெற்றியை மட்டுமே. அதற்காக உயிர் கொடுத்தோரின் பெயர்கள் அதில் இல்லை.

இந்தக் குறையைக் குளச்சலில் உணர்வதைவிட உதயகிரிக் கோட்டையில் நன்றாக உணரலாம். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில், தக்கலைக்கு அருகே புலியூர்க்குறிச்சியில் அக்கோட்டை உள்ளது. குளச்சலில் சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய், பின்னர் மார்த்தாண்ட வர்மரிடமே பணியேற்றார். திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பியப் பயிற்சி அளித்து, கோட்டைகளை வலுப்படுத்தி, "வலிய கப்பித்தான்" என்று போற்றப்பட்டார். 1777இல் மறைந்த அவர், அக்கோட்டைக்குள் கூரையிழந்து நிற்கும் சிறு தேவாலயத்தில் துயில்கிறார். கல்லறைக்கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் உள்ளன. வழிப்போக்கரைச் சற்று நிற்கச் சொல்லி, அவர் 37 ஆண்டுகள் மன்னருக்கு உண்மையாக உழைத்ததை அக்கல் எடுத்துரைக்கிறது. களக்காட்டுப் போரில் இறந்த அவர் மகனுக்கும் அருகிலேயே கல்லறை உண்டு.

பகைவராக வந்து நட்பாகி நின்றவரை இந்த நாடு இத்துணை மதிப்புடன் போற்றியது பெருமைக்குரியதே. ஆனால் அவரைத் தோற்கடித்த எளிய வீரனுக்கு ஒரு சிறு கல்லும் கிட்டவில்லை என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

தமிழர் மரபு இவ்வகையில் வறியது அன்று. போரில் வீழ்ந்தவனுக்குக் கல் தேர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாகக் கூறுகிறது. செங்கம் பகுதியில் கிடைத்த பல்லவர் கால நடுகற்கள் வீரனின் பெயரையும் ஊரையும் அவன் மாண்ட காரணத்தையும் குறிக்கின்றன. எடுத்தனூரில், இறந்த தலைவனின் அருகே நின்ற கோவிவன் என்னும் நாய்க்கும் கல்லில் இடம் கிடைத்தது. வாயில்லாப் பிராணியின் பெயரையும் காத்த மரபு, குளச்சல் வீரர்களின் பெயர்களைக் கை நழுவ விட்டுவிட்டது.

1750 ஜனவரியில் மார்த்தாண்ட வர்மர் தம் நாடு முழுவதையும் திருவனந்தபுரம் பத்மநாப சுவாமியின் திருவடியில் சமர்ப்பித்து, பத்மநாபதாசன் என்ற பெயரை ஏற்றார். திருப்படித்தானம் என்று வழங்கும் அந்த அர்ப்பணிப்பைப் பக்தர்கள் இன்றும் வியந்து பேசுவர். சமர்ப்பிக்க ஒரு நாடு எஞ்சியிருந்ததற்கு, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் குளச்சல் மணலில் விழுந்தவர்களும் காரணம். அரசர் கொடுத்தது நாட்டை. அவர்கள் முன்னதாகவே உயிரைக் கொடுத்திருந்தனர்.

ஆடி அமாவாசையன்று கன்னியாகுமரி முக்கடல் துறையில் ஆயிரக்கணக்கானோர் நீராடித் தர்ப்பணம் செய்கின்றனர். தந்தை, பாட்டன், முப்பாட்டன் எனப் பெயர் சொல்லி எள்ளும் நீரும் இறைத்த பிறகு, இறுதியில் இன்னொரு முறையும் நீர் விடப்படுகிறது. தாயோ தந்தையோ உற்றாரோ இல்லாதவர்களும், கோத்திரம் அறியப்படாதவர்களும் நிறைவு பெறட்டும் என்ற கருத்தில் அந்த நீர் வார்க்கப்படுகிறது. அவ்வாறு நீர் வார்க்கும்போது பெரியவர்கள் குளச்சல் வீரர்களையும் மனத்தில் கொள்ளலாம். அவர்கள் விழுந்ததும் ஆடி மாதத்தில், இதே கடலின் கரையில்தான். அவர்களுள் யார் எக்குலத்தவர், எச்சமயத்தவர் என்று அந்த நீர் கேட்பதில்லை.

மண்டைக்காட்டு அம்மனையோ திருவட்டாற்றுப் பெருமாளையோ தரிசிக்கச் செல்லும் குடும்பங்கள், குளச்சலுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். வெயில் தாழ்ந்த மாலைப்பொழுது முதியவர்களுக்கு ஏற்றது. பேரக் குழந்தைகளையும் உடன் அழைத்துச் சென்று, தூணின் அருகே நிறுத்தி, அங்கே நடந்ததைச் சொல்லிக் கைகூப்பச் செய்தால் போதும்.